எய்தவன் இருக்க அம்பை நோவதா?

(காக்களூர் தொழிற்பேட்டையில் பட்டறைத் தொழிலாளர்கள், ஓட்டுநர்கள், ஐ.டி.ஐ. மாணவர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்குப் புதிதல்ல. ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டி ஏன் திடீரென்று நின்றுபோகிறது? நின்ற வண்டியைப் பார்த்ததும் ‘சென்சார் போயிடுச்சு’ என்கிறோமே, அது எத்தனை முறை உண்மை? சென்சாரை மாற்றிய பிறகும் அதே வண்டி அதே இடத்தில் அதே மாதிரி நிற்கிறதே, அது ஏன்? இந்த மூன்று கேள்விகளைத்தான் இன்று நாம் பிரித்துப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

இதை ஏன் காக்களூரில் பேச வேண்டும்? இந்த சிட்கோ தொழிற்பேட்டையின் ஒவ்வொரு தெருவிலும் காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வரும் வேன் நிற்கிறது. சரக்கு ஏற்றும் சிறு வண்டி நிற்கிறது. ஆவின் பால்பண்ணைப் பக்கம் விடியற்காலையிலேயே வண்டிகள் நகர்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போய்த் திரும்பும் வண்டிகள் வேறு. இவற்றில் எத்தனை புது வண்டி? பாதிக்கு மேல் இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்தவை. அந்த வண்டி ஒருநாள் நின்றால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் நிற்கிறது. ஷிப்டுக்குப் போகவேண்டியவருக்கு அரைநாள் சம்பளம் போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கிருந்து கடம்பத்தூர்ப் பக்கம் போனால் அதிகத்தூர். அங்கேதான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மிட்சுபிஷியோடு கைகோத்து 1998-ல் லான்சர் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. அதே 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அடுத்த ஆண்டு மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தது. அதிகத்தூர் ஆலையில் பின்னாளில் இசுசு வண்டிகள் கொஞ்ச காலம் தயாராயின. இன்று சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. கார்புரேட்டரைத் தூக்கி வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்கு பெட்ரோல் தெளிக்கும் என்ஜின் பரவலாக நம் தெருவுக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். வந்த வாசல்களில் ஒன்று நம் திருவள்ளூர். அன்று ஓடத் தொடங்கிய வண்டிகளுக்கு இன்று 25 வயதுக்கு மேல். கிழடாகிப்போன முதல் தலைமுறை எலக்ட்ரானிக் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. இவற்றுக்கு வைத்தியம் பார்க்க உங்கள் தாத்தா காலத்து மெக்கானிக்கிடம் பாடம் இல்லை. நீங்கள்தான் பாடம் எழுத வேண்டும்.

அந்தக் காலத்து மெக்கானிக்குக்குக் காதுதான் கருவி. அம்பாசடரின் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டர் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பி, என்ஜின் சத்தத்தைக் கேட்டே ‘இப்ப சரியாயிடுச்சு’ என்பார். அது பெரிய கலை. அதை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் இன்ஜெக்‌ஷன் என்ஜினில் எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் ஸ்பார்க் என்று முடிவு செய்வது ஸ்க்ரூ இல்லை, டேஷ்போர்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி. ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தக் கணக்கைப் போட அந்தப் பெட்டிக்குத் தகவல் வேண்டும். கிராங்க் எங்கே சுற்றுகிறது, உள்ளே எவ்வளவு காற்று போகிறது, என்ஜின் எவ்வளவு சூடு, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது, எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம்? இந்தத் தகவல்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் சென்சாரின் வேலை. வேறு வேலை அதற்கு இல்லை.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. 1967-ல் போஷ் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் ஃபோக்ஸ்வாகன் காரில் வந்தது. 1976-ல் ஆக்சிஜன் சென்சார் வால்வோ காரில் வந்தது. நம் ஊரில் மாசுக்கட்டுப்பாட்டு விதிகள்தான் இதை உந்தித் தள்ளின. 2001-ல் சென்னைக்கு பாரத் ஸ்டேஜ் இரண்டு, 2005-ல் மூன்று, 2010-ல் நான்கு, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுதும் ஆறு. ஒவ்வொரு படியிலும் சென்சார்கள் கூடின, வயர்கள் கூடின, கப்ளர்கள் கூடின. பழுதாகக்கூடிய இடங்களும் கூடின.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மிடம் ஒரு பழமொழி உண்டு: எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? சென்சார் அம்பு. அது சொல்லும் சேதி ஒருவேளை கசப்பாக இருக்கலாம். ஆனால் அந்தச் சேதியை எய்தவன் வேறெங்கோ இருப்பான். எங்கோ கிழிந்த ரப்பர் ஓஸ், துருப்பிடித்த எர்த், அடைத்துப்போன ஃபில்டர், எலி கடித்த வயர். நாம் அம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூவாயிரம் ரூபாய்க்கு இன்னொரு அம்பை வாங்கி மாட்டுகிறோம்.

வண்டி பட்டறைக்கு வந்ததும் முதலில் எதைத் தொட வேண்டும்? பானெட்டையா? ஸ்கேனரையா? இரண்டையும் வேண்டாம் என்கிறேன். முதலில் ஓட்டுநரைக் கேளுங்கள். ‘அண்ணே, எப்ப நிக்குது?’ என்று கேளுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா? சூடான பிறகா? சிக்னலில் கிளட்ச் மிதித்ததுமா? ஏசி போட்டதுமா? மேம்பாலத்தில் ஏறும்போதா? மழைக்கு மறுநாளா? பெட்ரோல் போட்டுக் கொஞ்ச தூரத்திலா? ‘நின்னா உடனே ஸ்டார்ட் ஆகுதா, ஆறவிட்டா ஆகுதா?’ இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே பாதி நோயைச் சொல்லிவிடும்.

எப்படி நிற்கிறது என்பதையும் கேளுங்கள். நிற்பதில் இரண்டு வகை உண்டு. சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்பது ஒரு வகை. திணறி, இருமி, ஜெர்க் அடித்து, ஆக்சிலரேட்டர் மிதித்தால் கொஞ்சம் தாக்குப் பிடித்து, பிறகு அடங்குவது இன்னொரு வகை. பட்டென்று நின்றால் கரன்ட் பக்கம் தேடுங்கள். திணறி நின்றால் பெட்ரோல் பக்கமும் காற்றுப் பக்கமும் தேடுங்கள். நூற்றுக்கு நூறு இப்படியே இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு இதைவிட மலிவான வழிகாட்டி எனக்குத் தெரியாது.

ஓர் உதாரணம். 15 வயதைத் தாண்டிய ஒரு பெட்ரோல் வேன். திருவள்ளூரிலிருந்து கிளம்பி, திருநின்றவூர் தாண்டி, ஆவடி நெரிசலில் மாட்டியதும் பட்டென்று நிற்கிறது. செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இருபது நிமிஷம் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்து சாவி திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகிறது. பட்டறைக்கு வரும்போது வண்டி நன்றாக ஓடுகிறது! நம்மில் யாருக்குத்தான் இப்படி ஒரு வண்டி வந்ததில்லை?

இதற்கு வழக்கமாகச் சந்தேகப்பட வேண்டியது கிராங்க் சென்சார். பல்சக்கரத்துக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கும் சின்னக் காந்தக் காயில் அது. 60 பல்லுக்கு இடம் வைத்து, 58 பல் மட்டும் வெட்டி, இரண்டு பல் இடத்தை வெற்றாக விடுவது பரவலான அமைப்பு. அந்த வெற்றிடம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கிராங்க் எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரிகிறது. காயிலின் கம்பி தலைமுடி அளவுக்கு மெல்லியது. வருஷக்கணக்கில் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, எங்கோ ஓரிடத்தில் விரிசல் விடுகிறது. சூட்டில் விரிசல் அகல்கிறது, சிக்னல் அறுகிறது. சிக்னல் இல்லையென்றால் என்ஜின் சுற்றுவதாகவே பெட்டி நம்பாது. ஸ்பார்க்கையும் நிறுத்திவிடும், பெட்ரோலையும் நிறுத்திவிடும். ஆறினால் விரிசல் ஒட்டிக்கொள்கிறது, வண்டி கிளம்புகிறது.

அப்படியானால் உடனே கிராங்க் சென்சாரை மாற்றிவிடலாமா? பொறுங்கள். இதே அடையாளத்தை வேறு சிலவும் காட்டும். இக்னிஷன் காயில் சூட்டில் செத்தாலும் இப்படித்தான் நிற்கும். மெயின் ரிலேக்குள் ஈயப் பற்று விரிசல் விட்டிருந்தாலும் இப்படித்தான் நிற்கும். தேய்ந்த பெட்ரோல் பம்ப் சூட்டில் சிக்கிக்கொண்டாலும் ஏறத்தாழ இப்படித்தான் நிற்கும். நாலு பேர் மேல் சந்தேகம் இருக்கும்போது ஒருவரைப் பிடித்து உள்ளே போடலாமா?

ஆகவே நிற்கும் நேரத்தில் சோதியுங்கள். நின்ற வண்டியில்தான் உண்மை இருக்கிறது. ஓடுகிற வண்டியை எத்தனை மணி நேரம் பார்த்தாலும் அது வாய் திறக்காது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். கொஞ்சமாவது அசைந்தால் கிராங்க் சிக்னல் வருகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். பூஜ்யத்திலேயே படுத்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஸ்கேனர் இருந்தால் லைவ் டேட்டாவில் அதே ஆர்.பி.எம்.மைப் பாருங்கள். சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்ததும் பின்சீட்டுப் பக்கம் பம்ப் ஓரிரு நொடி முனகுகிறதா என்று காது கொடுங்கள். ஸ்பார்க் டெஸ்டர் வைத்து ஸ்பார்க் வருகிறதா பாருங்கள். ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் இல்லை, முள்ளும் அசையவில்லை என்றால், ஈரத்துணியை அந்தச் சென்சார் மேல் வைத்து ஆறவிடுங்கள். சென்சார் மட்டும் ஆறியதும் வண்டி பிடித்தால் வழக்கு முடிந்தது. முள் அசைகிறது, ஸ்பார்க் இருக்கிறது, பம்ப் முனகவில்லை என்றால்? சென்சாரை விடுங்கள். பம்ப் ஃபியூஸ், ரிலே, பம்ப்புக்குப் போகும் வயர், பம்ப் என்று வரிசையாகப் போங்கள்.

பம்ப் பற்றி ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப் டாங்கிக்குள்ளே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. அந்தப் பெட்ரோல்தான் அதைக் குளிரவைக்கிறது. நூறுக்கும் இருநூறுக்கும் பெட்ரோல் போட்டு எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் சூட்டில் வேகிறது. கையில் காசு இருக்கும்போதுதானே போட முடியும் என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் கால் டாங்கியாவது வைத்து ஓட்டிப் பாருங்கள். பம்ப் மாற்றும் செலவு தள்ளிப்போகும்.

அடுத்த உதாரணத்துக்கு வாருங்கள். ஓடும்போது நன்றாக ஓடுகிறது. மணவாள நகரில் வேகம் குறைத்து நிறுத்தினால் ஆர்.பி.எம். இறங்கி, இறங்கி, அணைந்துவிடுகிறது. உடனே ஸ்டார்ட் ஆகிறது. மறுபடி அடுத்த நிறுத்தத்தில் அதே கதை. இது கிராங்க் சென்சாரா? இல்லவே இல்லை. இது காற்றுப் பிரச்சினை.

ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் த்ராட்டில் தட்டு மூடிக்கொள்கிறது. அப்போது என்ஜின் உயிரோடு இருக்க ஒரு சிறிய பக்கவழியில் காற்று போகிறது. அந்த வழியைத் திறந்து மூடுவது ஐடில் வால்வு. பத்து வருஷக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த வழியை அடைத்துவிட்டால் என்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது. கிளீனர் ஊற்றி, துணியால் துடைத்தால் பாதி வண்டிகள் அன்றே சரியாகும். செலவு கிளீனர் டப்பா ஒன்றுதான். இதற்குப் போய் த்ராட்டில் சென்சாரை மாற்றிவிட்டு ஆயிரக்கணக்கில் பில் போடலாமா?

இன்னொரு சேதி. பாட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில வண்டிகள் கொஞ்ச நேரம் ஐடிலில் நிற்காமல் அலையும். கற்றுவைத்திருந்த கணக்கைப் பெட்டி மறந்துவிட்டது என்று பொருள். ஏசி இல்லாமல், லைட் இல்லாமல், சூடாகும் வரை ஐடிலில் ஓடவிடுங்கள். பெரும்பாலும் மறுபடி கற்றுக்கொள்ளும். சில வண்டிகளுக்கு ஸ்கேனர் வழியே கற்றுக்கொடுக்க வேண்டும்.

காற்று குறைந்தால் மட்டும்தானா தொல்லை? கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்தாலும் தொல்லை. பழைய ரப்பர் ஓஸ் வெடித்திருக்கும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய் தளர்ந்திருக்கும். இன்டேக் கேஸ்கெட் காய்ந்திருக்கும். அந்த ஓட்டை வழியே காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துவிட்டு, ‘ஆக்சிஜன் கூடுதலாக இருக்கிறது’ என்று நேர்மையாகச் சொல்கிறது. பெட்டி ‘பி 0171’ என்று கோடு (பிழைக் குறியீடு) போடுகிறது, கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். நாம் என்ன செய்கிறோம்? உண்மையைச் சொன்ன ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி எறிகிறோம்!

இங்கே ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கோடை மட்டும் படித்துவிட்டு அழிக்காதீர்கள். அதே ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம் என்று ஓர் எண் ஓடும். கணக்குப்படி ஊற்றியதற்கு மேல் எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறேன் என்று பெட்டி சொல்லும் எண் அது. பத்துக்குள் கூடக்குறைய இருந்தால் பயமில்லை. ஐடிலில் பிளஸ் இருபது காட்டி, 2,500 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றியதும் சாதாரண அளவுக்கு இறங்கினால், எங்கோ ஏர் லீக். ஐடிலில் சுமாராக இருந்து, சுமையோடு மேடேறும்போது பிளஸ் பக்கம் எகிறினால், பெட்ரோல் போதவில்லை. பம்ப், ஃபில்டர், பிரஷர் பாருங்கள். காற்றளவு சென்சார் அழுக்கடைந்திருந்தாலும் இப்படிக் காட்டும். ஒரே கோடு, ஒரே ஆக்சிஜன் சென்சார், ஆனால் எய்தவன் வேறு வேறு. கோடு சொல்வது எந்தத் தெருவில் கூச்சல் கேட்கிறது என்பதை மட்டும். எந்த வீடு என்று போய்ப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

ஒரு கோடு சென்சாரை மட்டும் குறிப்பதில்லை. சென்சார், அதன் கப்ளர், இரண்டு மூன்று வயர், பெட்டியில் அது போய்ச் சேரும் பின், இத்தனையும் சேர்ந்ததுதான் அந்தக் கோடு. கூலன்ட் வெப்ப சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் இறங்கும் பொருள் அதற்குள் இருக்கிறது. 20 டிகிரியில் இரண்டாயிரம் மூவாயிரம் ஓம் காட்டுவது 80 டிகிரியில் முந்நூறு ஓம் பக்கம் இறங்கிவிடும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். இதன் வயர் அறுந்தால் ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாமல் ஏறுகிறது. பெட்டி என்ன நினைக்கும்? மைனஸ் 40 டிகிரி குளிர் என்று நினைக்கும்! சித்திரை வெயிலில் திருவள்ளூரில் ஓடும் வண்டி, பனிமலையில் நிற்பதாக எண்ணிக்கொண்டு பெட்ரோலைக் கொட்டும். பிளக் கரியாகும், கரும்புகை வரும், சூடானதும் மூச்சடைத்து நிற்கும்.

இதைச் சோதிக்க ஓர் அருமையான வழி. ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தை வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள், மைனஸ் 40 காட்ட வேண்டும். கப்ளரின் இரண்டு பின்னையும் ஒரு சின்ன வயரால் இணையுங்கள், நூற்றைத் தாண்டி எகிற வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் நல்லது, பெட்டியும் நல்லது, இனி சென்சாரைச் சந்தேகிக்கலாம். நடக்கவில்லையென்றால் பத்துப் புதுச் சென்சார் மாட்டினாலும் வண்டி சரியாகாது. சில வண்டிகளில் வயர் அறுந்தது தெரிந்ததும் பெட்டி தானாக ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும், அதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

இதைவிட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று 29, இன்னொன்று 52 என்றால் ஒன்று பொய் சொல்கிறது. பைசா செலவில்லாத சோதனை இது.

நான் இன்று மிகவும் அழுத்திச் சொல்ல வந்தது எர்த் பற்றி. பழைய வண்டியில் சென்சார் கோளாறு என்று வரும் வழக்குகளில் எர்த்தும் கப்ளரும் எத்தனையோ முறை உண்மைக் குற்றவாளிகள். 2015 டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொசஸ்தலையாற்றிலும் கூவத்திலும் அடையாற்றிலும் தண்ணீர் கரைபுரண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தண்ணீரில் நின்ற கார்களில் பல கழுவித் துடைக்கப்பட்டு இரண்டாம் கைக்கு விலைபோயின. வெளியே பாலிஷ் மின்னும். சீட்டுக்கடியில், தரைவிரிப்புக்கடியில் ஓடும் வயரிங்கைப் பிரித்துப் பாருங்கள். கப்ளருக்குள் பச்சைப் பூஞ்சை மாதிரிப் பூத்திருக்கும். அதுதான் தாமிரம் அரிக்கிற அடையாளம். பெரும்பாலான சென்சார்கள் வேலை பார்ப்பது ஐந்து வோல்ட்டுக்குள். த்ராட்டில் சென்சார் மூடியபோது அரை வோல்ட், முழுதும் திறந்தபோது நாலரை வோல்ட் பக்கம் காட்டும். ஆக்சிஜன் சென்சாருக்கோ மொத்த ஆட்டமே ஒரு வோல்ட்டுக்குள். அந்த இடத்தில் துருப்பிடித்த எர்த் அரை வோல்ட்டைத் தின்றுவிட்டால் என்ன ஆகும்? அந்த எர்த்தை நம்பியிருக்கும் எல்லாச் சென்சாரும் ஒரே நேரத்தில் பொய் சொல்லும். மூன்று நாலு சென்சாருக்குச் சேர்ந்தாற்போல் கோடு விழுந்தால், நாலும் ஒரே நாளில் செத்ததா? நம்பாதீர்கள். பொதுவான எர்த்தைத் தேடுங்கள், பொதுவான ஐந்து வோல்ட் வயரைத் தேடுங்கள்.

எர்த்தைக் கண்ணால் பார்த்து ‘டைட்டாத்தான் இருக்கு’ என்று விட்டுவிடக் கூடாது. மல்டிமீட்டரை வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பாட்டரி நெகட்டிவ்விலே, இன்னொரு முனை என்ஜின் பிளாக்கிலே. உதவியாளரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிள் சரியில்லை. என்ஜின் ஓடும்போது சென்சாரின் எர்த் பின்னுக்கும் பாட்டரி நெகட்டிவ்வுக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஓம் அளப்பதால் இது தெரியாது. கரன்ட் ஓடும்போது அளந்தால்தான் தெரியும். தம்பி தங்கைகளே, இந்த வோல்டேஜ் ட்ராப் சோதனை ஒன்றை மட்டும் இன்று நீங்கள் கற்றுக்கொண்டு போனாலும் நான் இங்கே வந்ததற்குப் பலன் கிடைத்துவிடும்.

எலியையும் சொல்ல வேண்டும். வயல்வெளிக்கு நடுவே தொழிற்பேட்டை இருக்கிற ஊர் நம்முடையது. அறுவடை முடிந்து மழை பிடித்தால் எலிக்குக் கதகதப்பான இடம் என்ஜின் அறைதான். வயர்க்கட்டான ஹார்னஸை வெளியே தெரியாத இடத்தில் கடித்து வைத்திருக்கும். வண்டி குலுங்கும்போது அறும், குலுங்காதபோது சேரும். என்ஜினை ஓடவிட்டு ஹார்னஸை அங்குலம் அங்குலமாக அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் என்ஜின் தும்முகிறதோ அங்கே பிரியுங்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2023-ல் சில பெட்ரோல் பங்குகளில் தொடங்கிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ல் நாடு முழுதும் வழக்கமாகிவிட்டது. நம் பழைய வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவையின் கணக்கு மாறுகிறது. ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி ஓரளவு சமாளித்துக்கொள்ளும், கார்புரேட்டர் வண்டிக்கு அந்த வசதி இல்லை. பழைய ரப்பர் குழாய்கள் ஊறி வெடிக்கலாம். டாங்கியின் அடியில் படிந்த அழுக்கு கரைந்து ஃபில்டரை அடைக்கலாம். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும், ஆகவே மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் பழைய பெட்ரோலை நம்பாதீர்கள். நிற்கும் வண்டியில் ஃபில்டரையும் ஓஸையும் முதலில் பார்ப்பது இப்போது முன்னைவிட அவசியமாகிவிட்டது.

2010-க்கு முந்தைய வண்டிகள் பலவற்றோடு சாதாரண ஸ்கேனர் பேசாது. சிலவற்றில் ஒரு கப்ளரின் இரண்டு பின்னை இணைத்தால் செக் என்ஜின் லைட் கண் சிமிட்டியே கோடு சொல்லும். அந்த வண்டியின் புத்தகத்தில் எந்தப் பின் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஊகத்தில் பின்னை இணைத்தால் பெட்டியே போய்விடும். ஸ்கேனர் வாங்கக் காசில்லை என்று எந்த இளைஞரும் தயங்க வேண்டாம். ஒரு நல்ல மல்டிமீட்டர், ஒரு ஸ்பார்க் டெஸ்டர், ஒரு பெட்ரோல் பிரஷர் கேஜ், இவை மூன்றும் கையில் இருந்தால் நான் இதுவரை சொன்னதில் பெரும்பகுதியைச் செய்யலாம். பெட்ரோல் பிரஷர் பெரும்பாலான பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் மூன்று பார் சுற்றுவட்டாரத்தில் இருக்கும்.

மாற்றுச் சென்சார் வாங்கும்போது புதுப்பேட்டையில் பழையது வாங்கினாலும் சரி, கடையில் புதிது வாங்கினாலும் சரி, மாட்டும் முன் அளந்து பாருங்கள். அட்டைப்பெட்டியில் ஒரிஜினல் என்று அச்சடிப்பது எளிது. பழைய சென்சாரின் அளவையும் புதியதின் அளவையும் அருகருகே எழுதுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால், பழையதில் குற்றமில்லை என்றுதானே பொருள்?

ஓட்டுநர்களே, நடுச்சாலையில் வண்டி நின்றால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். என்ஜின் நின்றதும் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், பயப்படாமல் இரண்டு கையால் அழுத்தித் திருப்புங்கள். பிரேக் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்கு மட்டும் காற்றுவிசை மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதித்து அதை வீணாக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். இண்டிகேட்டர் இரண்டையும் போட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். சாவியைப் பிடுங்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டால் முதலில் எல்லாரையும் இறக்கிவிட்டு விலகச் சொல்லுங்கள். கேட் திறந்திருந்து, ரயில் வரவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், முதல் கியரில் போட்டு கிளட்சிலிருந்து காலை எடுத்து செல்ஃப் அடியுங்கள். கிளட்ச் மிதித்தால்தான் செல்ஃப் அடிக்கும் என்ற பூட்டு இல்லாத பழைய வண்டிகள், செல்ஃப் மோட்டார் பலத்திலேயே சில அடி நகர்ந்துவிடும்.

உரிமையாளர்களுக்கு ஒன்று. 15 வயது முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ஐயாயிரம் ரூபாயாக உயர்ந்தது. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு முன் வண்டியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் காசை ஊகத்தில் சென்சார் மாற்றித் தொலைக்காதீர்கள். சோதனைக்கென்று தனியாகக் கூலி கேட்கும் மெக்கானிக்கிடம் முகம் சுளிக்காதீர்கள். ஒரு மணி நேரம் அளந்து பார்த்து ‘சென்சார் நல்லாயிருக்கு, எர்த் வயர்தான்’ என்று நாற்பது ரூபாய் வயரை மாற்றித் தருகிறவருக்கு, நாலாயிரம் ரூபாய் உதிரிப்பாகம் விற்றவரைவிட அதிக மரியாதை உண்டு. அவருடைய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பேரம் பேசினால் அவரும் நாளைக்குப் பாகத்தை மாற்றித்தான் பிழைக்க வேண்டிவரும். நம் ஊரில் சோதிப்பவருக்குக் கூலி இல்லை, மாற்றுபவருக்குத்தான் கூலி. இந்த வழக்கம் ஒழிய வேண்டும்.

பட்டறைத் தோழர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இனி எந்தச் சென்சாரை மாற்றினாலும், கழற்றும் முன் அளந்த அளவையும் மாட்டிய பின் அளந்த அளவையும் பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பழைய சென்சாரை வண்டிக்காரர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்னே இந்தத் தொழிற்பேட்டையின் ஒவ்வொரு பட்டறையிலும் இந்த வழக்கம் வரட்டும். நாளைக்குப் பட்டறைக்கு வரும் முதல் வண்டியிலேயே தொடங்குங்கள்.